படிக்கட்டுக்குக் கீழே ஒரு பொது மெஷின்

வாஷிங் மெஷினுக்குள் மறுபடியும் யாருடைய துணியோ கிடந்தது.

நர்ஸம்மா அழுக்குச் சீருடையோடு நின்றாள். நாளைக்குப் போட வேறு சீருடை கிடையாது.

"யாருதுங்க இது?" என்று படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மேலே கதவுகள் திறந்தன. "எங்களுது இல்ல" என்று ஒவ்வொரு தலையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனது.

கட்டடத்தில் ஆறு வீடுகள். எந்த வீட்டிலும் மெஷின் வைக்க இடமில்லாததால், எல்லோரும் சேர்ந்து ஒன்று வாங்கிப் படிக்கட்டுக்குக் கீழிருந்த சின்ன அறையில் வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் நர்ஸம்மா. அதற்கான கூட்டத்துக்கு அவள் ஒருத்திதான் வரவில்லை. அதனால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"ஆளுக்கொரு நாள்னு பிரிச்சுக்கலாம்" என்றாள். எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் தன் நாளை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பேக்கரிக்காரர் வீட்டில் திரைச்சீலை துவைத்தார்கள், மிதியடி துவைத்தார்கள், துவைக்க ஒன்றுமில்லாத வாரம் துவைத்ததையே துவைத்தார்கள். அப்படியும் யார் முறை வந்தாலும் உள்ளே வேறு யாருடைய துணியோ ஊறிக்கொண்டிருந்தது.

"தையல்காரரே, மறைக்காம சொல்லுங்க. இந்தச் சட்டை உங்களுதுதானே?" என்றார் பேக்கரிக்காரர்.

மேல்மாடித் தையல்காரர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் காலரை நான் தைச்சிருந்தா, வெக்கத்துல எப்பவோ தொழிலை விட்டிருப்பேன்!"

அடுத்து நர்ஸம்மா அறையைப் பூட்டினாள். சாவி அவள் வீட்டில். பகலில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதால், வீட்டிலிருக்கும் மாமியார்தான் சாவிக்குக் காவல்.

"அத்தை, இன்னிக்கு யார் சாவி வாங்கிட்டுப் போனாங்க?"

"ஒரு பொண்ணு. தங்கமான பொண்ணு. என் முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டா."

"எந்த வீட்டுப் பொண்ணு?"

"முட்டிவலியை விசாரிக்கிறவகிட்ட, நீ எந்த வீடுன்னு கேக்கச் சொல்றியா? நல்லாவா இருக்கும்?"

கடைசி ஆயுதத்தை எடுத்தாள் நர்ஸம்மா. கேட்பாரற்றுக் கிடக்கும் துணியெல்லாம் பறிமுதல். வேண்டியவர்கள் அவள் வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேட்டால் மாட்டிக்கொள்வோமே! கட்டடத்தில் ஒருவரும் வரவில்லை. துணி கட்டிலை நிறைத்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவள் கணவர் தரைக்கு இறங்கினார்.

"ஏம்மா, இந்த வீட்டுல எனக்குத் தெரியாம எத்தனை பேர் குடியிருக்காங்க?"

ஒருநாள் காலை அவசரத்தில் அவர் அந்தக் குவியலிலிருந்து கோடு போட்ட சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பூரிப்போடு திரும்பினார்.

"நம்ம தெருவுல ஒருத்தர் இந்தச் சட்டையை வச்ச கண் வாங்காம பாத்தாரு. எடுப்பா இருக்கு போல!"

படிக்கட்டில் நின்ற பேக்கரிக்காரரும் பார்த்தார். "ஓஹோ, பறிமுதல் எல்லாம் வீட்டுக்காரருக்குப் போட்டு அழகு பாக்கத்தானா?"

விஷயம் மாடி மாடியாக ஏறியது. தினமும் மேல்மாடிக்குச் சூடாகப் போய்க்கொண்டிருந்த பன் நின்றது. பேக்கரிக்காரரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பதைத் தையல்காரர் நிறுத்தினார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். மெஷினை விற்றுவிடுவது என்று கூட்டம் கூடியது.

"விக்கிறதுக்கு முன்னாடி எதிர்க் கட்டடத்தைப் பாருங்க" என்று தையல்காரர் கொதித்தார். "அங்கயும் ஒரே மெஷின்தான். பன்னெண்டு வீடு! என்னிக்காவது ஒரு சத்தம் கேட்டிருக்கா? அவங்க மனுஷங்க!"

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில், எதையாவது கற்றுக்கொண்டு வரலாம் என்று எதிர்க் கட்டடத்துக்குள் நுழைந்தாள். வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க மெஷினுக்கு முறை ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் கிடையாதும்மா."

"பூட்டு?"

"அதுக்கு எதுக்குப் பூட்டு?"

"அதை வச்சுச் சண்டை வந்ததே இல்லையா?"

"ஒரு நாள் கூட இல்ல."

நர்ஸம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே! ஆறு வீட்டையும் வரிசையாக அழைத்து வந்து இவர்கள் காலில் விழச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"எப்படிண்ணே உங்களால மட்டும் முடியுது?"

காவலாளி நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று கும்பிட்டார். "எங்களுது என்னம்மா பெருமை? எல்லாம் உங்க கட்டடத்துக்காரங்க பெரிய மனசு. எங்க மெஷின் கெட்டுப்போன நாள்லேருந்து, இந்தப் பன்னெண்டு வீட்டுத் துணியும் உங்க மெஷின்லதானே துவைக்கிறோம்!"