இரண்டாவது பூட்டு

இந்த வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு ரகசியமாவது இருந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒன்றுகூடவா இருக்கக் கூடாது?

ரகசியம் இதுதான். ஓசூர் சிப்காட்டில் நான் லேத் ஓட்டும் கம்பெனியில் வருஷா வருஷம் எல்லோருக்கும் உடம்பைச் சோதிப்பார்கள். இந்த முறை ரிப்போர்ட் போனுக்கு வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து இதே ரிப்போர்ட்டோடு வரச் சொன்னார்.

நிர்மலாவிடம் எப்படிச் சொல்வது? போன வருஷம்தான் அவள் அண்ணன் திருமலைக்குச் சர்க்கரையால் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். ஒரு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. சொன்னால் அன்றோடு ஒப்பட்டு என்கிற வெல்லப் போளிக்கும் எனக்கும் உறவு முறிந்துவிடுமே என்ற கவலையும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தான்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் சுரேந்தரிடம் யோசனை கேட்டேன். ஆன்லைன் டிரைவில் போட்டுவிட்டு போனில் அழித்துவிடு, பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டாவது பூட்டும் போடு என்றான். புதிதாக ஒரு போனில் திறந்தால் நம் நம்பருக்கு ஆறு எண் வரும். அது இல்லாமல் ஆண்டவனே வந்தாலும் திறக்க முடியாதாம். அத்திப்பள்ளியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு டிரைவ் உண்டு. மறுதேதி போட்ட டாக்டர் சீட்டையும் சேர்த்து, ரிப்போர்ட்டுக்கு ‘கம்ப்ரசர் சர்வீஸ்’ என்று பெயர் வைத்து அதில் போட்டேன். பூட்டும்போது, ஏற்கெனவே பதிவான எண்ணையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. விசுவாசமான டிரைவ் என்று மகிழ்ந்து ஓகேயை அமுக்கினேன்.

மறுநாளிலிருந்து நிர்மலாவின் போக்கு மாறியது. ராத்திரிக்கு ராகிக் களியும் கீரையும். டீயில் சர்க்கரை இல்லை. கேட்டால் டப்பாவில் எறும்பு என்றாள். மூன்று மாதமாக டப்பாவை விட்டுப் போகாத அந்த எறும்பை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் முழங்கால் வலிக்கு நடக்க வேண்டுமாம், தெருநாய்க்குப் பயமாம், தினமும் மலைக்கோயில் வரை என்னைத் துணைக்கு இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டினாள். விரலிடுக்கையெல்லாம் விரித்து விரித்துப் பார்த்தாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. இவளுக்குத்தான் ஏதோ நோய், மறைக்கிறாள். கோயில் படியில் அவளுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த மூன்று மாதமும் சாமியிடம் எனக்காக எதுவும் கேட்கவில்லை. அவளுக்காகத்தான் கேட்டேன்.

டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. பி.எஃப். ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரத்தம் எடுத்து, புது ரிசல்ட்டைக் கையில் கொடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். முந்தின நாள்தான் என் போன் மெஷினின் கூலன்ட் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. புதுப் போனில் டிரைவைத் திறந்தேன். ஆறு எண் கேட்டது. முப்பத்தாறில் முடியும் எண்ணுக்கு அனுப்பிவிட்டதாம். என் எண் தொண்ணூற்றிரண்டில் முடியும்.

போன் அடித்தது. நிர்மலா.

“ஏங்க, ஆறு நம்பர் வந்துருக்குது. சொல்றேன், அமுக்குங்க. நாலு, ஒண்ணு, ஏழு...”

ஆறையும் அமுக்கி டிரைவ் திறந்த பிறகுதான் உறைத்தது. “உனக்கு எப்படி வந்துச்சு?”

“அத்திப்பள்ளில வாங்குன கர்நாடகா சிம்மு, அந்தப் பழைய போனு, ரெண்டையும் நீங்கதான குடுத்தீங்க. ஆனேக்கல்ல இருக்கற அம்மாகிட்ட பேசிக்கன்னு.”

அந்தப் போனில் என் டிரைவ் எட்டு வருஷமாகத் திறந்தே கிடந்திருக்கிறது.

“அப்ப எல்லாத்தையும் பாத்துக்கிட்டா இருந்த?”

“எட்டு வருசமா தொட்டுக்கூடப் பாக்கல. நீங்க பூட்டுப் போட்டீங்கன்னு மெசேஜ் வந்துச்சு. பூட்டற அளவுக்கு என்ன இருக்குதுன்னு அப்பத்தான் பாத்தேன்.”

ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா பயந்துக்குவீங்க. எங்கண்ணனும் பயந்துதான் டாக்டர்கிட்டயே போகாம இருந்துச்சு. இன்னிக்கு எவ்ளோ?”

“நூத்தி இருபத்தெட்டு.”

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ரிசல்ட் மோசம் போலிருக்கிறது என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“நல்லதுங்க,” என்றாள். “அப்படியே அதுல கீழ தள்ளிப் பாருங்க. போன வியாழக்கிழம சூளகிரி பேக்கரில உங்க ஷிப்ட் மணிவேல் அண்ணனோட எடுத்த போட்டோ இருக்குது. உங்க தட்டுல மூணு ஒப்பட்டு. டாக்டர்கிட்ட அதையும் காட்டுங்க.”

வைத்துவிட்டாள். எடுக்கிற போட்டோவெல்லாம் தானாகவே டிரைவுக்குப் போய்ச் சேரும் என்று அந்தச் சுரேந்தர் சொல்லவே இல்லை. உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவசரமாக அந்தப் போட்டோவை அழிக்கப் போனேன்.

அழிப்பதற்கும் ஆறு எண் கேட்டது.