மொட்டைமாடியில் புகையிலை

பிள்ளைகளின் படிப்புக்குப் பெற்றோர் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி, மொட்டைமாடிப் பக்கம் போகாமலிருப்பதுதான். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வேண்டுமானால் என் மனைவியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

என் மகள் கோதைக்கு விவசாயப் படிப்பில் அது கடைசி வருடம். இரண்டு ரகப் புகையிலை விதைகள் ஒன்றாய்க் கலந்துபோன ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, ராஜபாளையத்தில் எங்கள் மாடியில் தொட்டி தொட்டியாக வளர்த்தாள். பூப்பதற்கு முன்பே, இலையை மட்டும் பார்த்து எது எந்த ரகம் என்று சொல்லவேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். ஒரு ரகத்தின் இலைக்குக் காம்பு உண்டு. மற்றதன் இலை காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். சின்னச் செடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவள் தினமும் குனிந்து பார்த்து, ஒன்றுக்குச் சிவப்பு நூலும் இன்னொன்றுக்கு வெள்ளை நூலும் கட்டினாள். அவள் சொன்னது சரிதானா என்று கடைசியில் பூ சொல்லும். சிவப்பு நூல் ரோஸ் நிறத்தில் பூக்கவேண்டும், வெள்ளை நூல் வெள்ளையாக.

இந்தப் பூ விஷயத்தை அவள் விளக்கியபோது நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு செண்பகத்தோப்புக்குக் கிளம்பினாள். "அப்பா, தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்ணையும் தொடாதீங்க."

தண்ணீர் ஊற்றினேன். நிமிர்ந்தால், ஒவ்வொரு செடியின் உச்சியிலும் குட்டிக் குட்டியாய் மொட்டு. எனக்குப் பகீரென்றது. இவள் ஆராய்வது இலையை. சத்தெல்லாம் மொட்டுக்குப் போய்விட்டால் இலை என்ன ஆகும்? மார்க் என்ன ஆகும்? வேலை, கல்யாணம்? எங்கள் பூர்விகம் வன்னியம்பட்டிப் பருத்திக்காடு. பருத்தி ஓங்கி வளர்ந்தால் நுனியைக் கிள்ளுவது எங்கள் பரம்பரை வைத்தியம். நான் மில் சூப்பர்வைசராகி எத்தனையோ வருடமாகியும் என் விரல்கள் மட்டும் காட்டை விட்டு வரவில்லை.

கிள்ளினேன். ஒன்று விடாமல் கிள்ளினேன். (வேலையில் நேர்த்தி என்றால் நான்தான்.) ஈர இலைகள் பிசுபிசுவென்று முழங்கை வரை ஒட்டின.

கொஞ்ச நேரத்தில் மாடி சுற்றியது. பிறகு வானம். பிறகு வயிறு. மனைவி ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் என் கையை மோந்து பார்த்தார்.

"புகையிலை போடுவீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்!"

மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எம்புட்டு நாளா நடக்குது இது?"

ஈரப் புகையிலையை வெறுங்கையால் அளைந்தால் அதன் சாறு தோல் வழியாகவே உள்ளே போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். வெற்றிலைகூடப் போடாத நான், முழங்கையால் புகையிலை போட்டவனாக வீடு திரும்பினேன்.

சாயங்காலம் கோதை வந்தாள். நான் துவண்டு கிடப்பதைப் பார்த்து அழுதாள். பெற்ற மனம் குளிர்ந்தது. பிறகு மாடிக்குப் போனாள். இறங்கி வந்தது வேறு கோதை.

"அப்பா, மொட்டு எங்க?"

"கிள்ளிட்டேம்மா. இலைக்குச் சத்து..."

"அதுதாம்ப்பா என் ஆன்சர் ஷீட்டு!"

"ஏட்டி, சும்மா இரு. மனுஷன் இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வாராரு" என்றாள் மனைவி.

"அவரு பொழச்சுக்கிடுவாரு. நான்?"

அடுத்த மாதம் வைவா. அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. மாடிச் சாவி மனைவியின் இடுப்புக்குப் போனது. நல்லவேளை, புகையிலை என்னைவிடப் பொறுமைசாலி. இலையும் தண்டும் சேரும் இடுக்குகளில் பக்கத்தளிர் வெடித்து, அதில் சின்னதாய் மொட்டு வைத்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து, "விரிஞ்சிருச்சாம்மா?" என்று பூட்டிய கதவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைவாவுக்கு முந்தின நாள் காலையில் விரிந்தது. அவள் சொன்னதெல்லாம் சரி, ஒரு செடி தவிர. சிவப்பு நூல் கட்டிய அது வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நீங்க கிள்ளுனதாலதான் நிறம் மாறிருச்சு."

விஞ்ஞானப்படி அது நடக்கவே நடக்காது. ஆனால் விஞ்ஞானம் பேசும் நிலையில் நான் இல்லை.

ப்ராஜெக்ட் அறிக்கையில் 'பூச்சி, நோய்த் தாக்குதல்' என்று ஒரு பகுதி உண்டாம். மாவுப்பூச்சி: இல்லை. இலைப்புழு: இல்லை. அதற்குக் கீழே என் மகள் எழுதியிருந்தாள்: 'தந்தை: ஒருமுறை. கடுமையான தாக்குதல்.' வைவாவில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுக்குக் கட்டுப்பாட்டு முறை என்னம்மா?" என்று கேட்டாராம்.

"மாடிக் கதவைப் பூட்டணும் சார்."

நல்ல மார்க்கோடு பாஸாகிவிட்டாள். நான்தான் இன்னும் தேறவில்லை. நேற்று முற்றத்துத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று செம்போடு நாலடி வைத்தேன். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது:

"ஏட்டி கோதை, ஓடியா! பூச்சி எறங்கிருச்சு. அந்த வேப்பெண்ணெய எடுத்து உங்கப்பா மேல ஒரு தரம் தெளிச்சு விடு!"