சிமெண்ட் இல்லாத இடுப்பு

"உனக்க இடுப்பு மூட்டுக்கு சிமெண்ட் வச்சாவளா?" என்று டீக்கடையில் மரியான் கேட்டதும், ததேயுஸ் கொத்தனாருக்கு டீ புரையேறியது.

மரியானுக்கு அந்த மாதம்தான் செயற்கை முழங்கால் வைத்திருந்தார்கள். "எனக்கு சிமெண்ட் போட்டு ஒட்டியிருக்கு மக்கா. கல்லுபோல நிக்கும்."

ததேயுஸ் வீட்டுக்கு விரைந்தார்.

"ஒங்களுக்கு வச்சது சிமெண்ட் இல்லாத மூட்டுல்லா? டாக்டரு அப்பமே சொன்னாரே" என்றாள் மனைவி ஞானபாய்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீங்க மயக்கத்துல கெடந்திய. பொறவு மறந்துபோச்சு."

ததேயுசுக்குச் செயற்கை இடுப்பு மூட்டு வைத்து ஒன்பது வருடம்! அந்த இடுப்போடுதான் கட்டடச் சாரம் ஏறினார். குலசேகரம்வரை பைக் ஓட்டினார்.

"வேணும்னே போடாம விட்டிருக்காருட்டி!"

"அவருக்கு ஒங்கமேல என்ன கோவம்?"

ததேயுஸ் திண்ணையில் கிடந்த பூச்சுக் கரண்டியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"வாங்க, நேரா போயி கேப்போம்."

"வேற யாருட்ட வேணும்னாலும் வாறேன். அவருட்ட மட்டும் வேண்டாம்."

மூட்டு கழன்றுவிடாதிருக்க, சாரக் கயிற்றால் இடுப்பை இறுக்கிக் கட்டினார். மூச்சு முட்டியது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, மொத்த பாரத்தையும் நல்ல காலில் போட்டு நடந்தார். அது சுளுக்கியது. இரண்டையும் நம்பாமல் கதவைப் பிடித்துத் தொங்கினார். கதவு திறந்துகொண்டது. முற்றத்தில் விழுந்தார், அதுவும் அந்த இடுப்பிலேயே.

"இவருக்கு மூட்டு வச்ச சிவபிரசாத் டாக்டருட்ட விடுங்க" என்றாள் ஞானபாய் ஆட்டோக்காரரிடம். ததேயுஸ் போட்ட கூச்சல் மார்த்தாண்டம் நெரிசலில் யாருக்கும் கேட்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார்.

"பாருங்க. இந்த உலோகத்துக்க மேல சொரசொரப்பா சின்னச்சின்ன குழி உண்டு. ஒங்க எலும்பு அதுக்குள்ள வளந்து பிடிச்சிருக்கு. இப்பிடிப் பிடிச்சா பெரும்பாலும் இருவது வருசம் தாண்டியும் நிக்கும். இண்ணைக்கு விழுந்தும் அசையல்ல, பாத்தியளா?"

ததேயுஸ் படத்தைத் தடவினார். எத்தனையோ சுவர் எழுப்பிய கை அது. கட்டியவன் கிளம்பிப் போன பிறகு, யாரும் பார்க்காத இருட்டுக்குள், தானே வளர்ந்து போய்த் தூணைக் கட்டிக்கொண்ட சுவரை அது தொட்டதே இல்லை. எலும்பு எங்கே முடிகிறது, உலோகம் எங்கே தொடங்குகிறது என்று தேடினார். இடைவெளியே இல்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஆண்டவரே! எனக்க உள்ளயே ஒரு கொத்தனாரு இருந்திருக்காரே!"

டாக்டர் விளக்கை அணைத்தார்.

"சிமெண்டே போடாம நான் வச்சது ஒம்பது வருசமா நிக்குது, கொத்தனாரே. சிமெண்ட் போட்டதா சொல்லி நீங்க கெட்டின எனக்க வீட்டு மதிலு, மொத மழையிலயே ஏன் விழுந்துது?"