நான் இருமினேன், பேசவில்லை

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீ நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்டிருக்கிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை. நாம் பேச்சை நிறுத்திப் பத்தொன்பது வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. கடிதம் எழுதுவது பேச்சில் சேராது என்று கீழ்வீட்டுத் தையல்காரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில், சுகாதார நிலையத்தில் உன் நம்பரை நான் ஏன் கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீயே அதற்கு ஓர் அர்த்தம் கட்டி நாலு பேரிடம் சொல்லிவிடுவாய். குளிர் தொடங்குவதற்கு முன்பே அங்கிருந்து எனக்குச் சீட்டு வந்தது, எழுபது வயது தாண்டியவர்கள் வந்து குளிர்காலக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று. நான் போகவில்லை. போன வருடம் அங்கே இருக்கும் நர்ஸ் என்னை எடை மெஷினில் ஏற்றிவிட்டு, வெளியே வரிசையில் நின்ற பதினொரு பேருக்கும் கேட்கும்படி எடையைக் கத்திச் சொன்னாள். அந்தப் பதினொரு பேரில் தபால்காரரும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. ஆகவே ஊசியும் வேண்டாம், அவளும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். குளிர் வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போனேன், அந்தக் கோட்டின் கையை ஒரு அங்குலம் குறைத்துத் தைத்தவள் மேலே சொன்ன தையல்காரிதான், அது நடந்து நான்கு வருடமாகிறது, மணிக்கட்டு வழியாகக் குளிர் உள்ளே நுழைந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. குளிர் அப்படியெல்லாம் உள்ளே போகாது, கிருமிதான் காரணம் என்கிறாள் நர்ஸ். என் எடை விஷயத்துக்கு அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதனால் அவள் சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எட்டு நாள் இருமினேன். சாதாரணச் சளி, தானாகப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் தையல்காரி மூன்று மாடி ஏறி வந்தாள்.

"அம்மா, நீங்க இருமுற இருமல்ல கீழ என் தையல் கோணிக்கிட்டுப் போகுது. நீங்களா கிளம்புறீங்களா, நான் தூக்கிட்டுப் போகவா?"

"உன்னால தூக்க முடியாது. தபால்காரரைக் கேட்டுப் பாரு, அவருக்கு என் எடை தெரியும்."

நடந்தேதான் போனோம். டாக்டர் சின்னப் பெண். காதில் குழாயை மாட்டிக்கொண்டு முதுகில் ஆறு இடத்தில் கேட்டாள், விரலில் ஒரு கிளிப்பை மாட்டி மூச்சை அளந்தாள். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நாலு நாள் முன்னாடி வந்திருந்தா லேசா போயிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கிறேன், பத்து நாள் இருந்துட்டு வந்துடுங்க" என்றாள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உன் அண்ணன் உள்ளே நடந்து போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், வெளியே நடந்து வந்ததைப் பார்க்கவில்லை. மாட்டேன் என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் நல்ல பெண், மேஜையை என்னிடமிருந்து பிடுங்கவில்லை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் குளிர்காலத்தில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்களாம், உள்ளூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் காலையும் மாலையும் போன் செய்து பார்க்க வேண்டும், பதில் இல்லையென்றால் உடனே சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், அதற்கு ஆள் இருந்தால் மருந்தோடு வீட்டிலேயே இருக்கலாம், இல்லையென்றால் ஆஸ்பத்திரிதான் என்றாள்.

உன் மருமகன், அதாவது என் மகன், இருக்கும் தேசத்தில் நமக்கு விடியும்போது அவன் படுக்கப் போகிறான். தையல்காரி சொந்தத்தில் சேரமாட்டாள். சீட்டு எழுதும் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "சொந்தம்னு சொல்லிக்க இந்த ஊர்ல ஒருத்தர்கூட இல்லையாம்மா?" என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால் 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை, உன் நம்பர் வந்துவிட்டது. நான் மறந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே நம்பர் அதுதான். மறக்கிற பழக்கம்தான் எனக்குக் கிடையாதே.

அவள் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசியது உனக்குத் தெரியாது. நீ சொன்னது இதுதான், ஒரு எழுத்தும் மாறாமல்: "எங்க அண்ணியா? அவங்களே என் நம்பரைக் குடுத்தாங்களா? அப்படின்னா ரொம்ப முடியலை போலிருக்கே!" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மொத்தம் ஆறு பேர், அதில் ஒருவர் பல்லைக் கழற்றிக் கையில் வைத்திருந்தவர். அப்புறம் நீ சொன்னாய், "ரெண்டு வேளையும் நான் கூப்பிடுறேன். அவங்க எடுப்பாங்களான்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க." எழுதி வாங்கிக்கொண்டார்கள். எடுப்பேன் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பேசுவேன் என்று எழுதவில்லை.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டு, "அண்ணி, நான்தான்" என்றாய். நான் இரண்டு முறை இருமினேன். "சரி, இருக்கீங்க" என்று வைத்துவிட்டாய். அந்த மட்டும் உனக்குப் புத்தி உண்டு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நீயாகவே, "சாப்பிட்டிருந்தா ஒரு தடவை, இல்லைன்னா ரெண்டு தடவை" என்று கணக்கு வைத்தாய். மாத்திரை போட்டீங்களா, ஜன்னல் சாத்தியிருக்கா, காலுக்கு ஏதாவது மாட்டியிருக்கீங்களா என்று நீ கேட்கக் கேட்க நானும் இருமிக்கொண்டே வந்தேன். எல்லாம் உண்மையான இருமல்தான். நர்ஸ் சொன்னபடியே ஒரே அறையைச் சூடாக வைத்துக்கொண்டு, இரண்டு ஜோடி காலுறை போட்டு, சூடாகக் குடித்து, மணிக்கு ஒரு தரம் எழுந்து கட்டிலைச் சுற்றி நடந்தேன். அவள் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன், எந்தப் பாதி என்று தெரியாததால் முழுவதையும் செய்ய வேண்டியதாயிற்று.

அதனால்தான் வம்பு வந்தது. ஏழாம் நாள் காலையில் நீ, "நல்லா தூங்கினீங்களா?" என்றாய். ஒரு தடவை இருமியிருக்க வேண்டும். இருமல் இல்லை. நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. பொய்யாக இருமலாம், ஆனால் வியாதியை வைத்து நாடகம் போட்டவள் என்ற பேர் எனக்கு வேண்டாம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ "அண்ணி? அண்ணி! ஐயோ அண்ணி!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். ரொட்டியை சூப்பில் தொட்டு நான் நாலாவது வாய் வைக்கும்போது கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள், அவள் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள், மாற்றுச் சாவியோடு தையல்காரி, மாடிப்படியில் இருந்த பாவத்துக்குத் தபால்காரர்.

நர்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏம்மா, 'உம்'னு ஒரு சத்தம் குடுத்தா என்ன? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள்.

"அது எங்க குடும்ப விஷயம்."

"உங்க குடும்ப விஷயத்துக்கு நான் மூணு மாடி ஏறியிருக்கேன்!"

அது நியாயம்தான், அதனால் அவளுக்கும் சூப் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும், குளிர் இன்னும் முடியவில்லை என்றாள். எடையைக் காதோடு சொல்வதானால் வருகிறேன் என்றேன், ஒப்புக்கொண்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து நான் போனைக் கரண்டியால் தட்டிவருவது உனக்குத் தெரியும்.

ஆனால் நீ "ஐயோ அண்ணி" என்றாயே, அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். பத்தொன்பது வருடத்துக்கு முன் என் வீட்டு முன்னறையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, துக்கத்துக்கு வந்திருந்த இருபத்துமூன்று பேர் கேட்க நீ சொன்னாய், "அண்ணி நாலு நாள் முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா அண்ணன் இருந்திருப்பார்" என்று. நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாய், மூன்றாவது பொத்தான் இல்லை. நான் அவரை மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவை சாதாரணச் சளி என்றார். இரண்டாம் தடவை காது கேட்காதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை தன் ஷூவை ஒளித்துவைத்துவிட்டு என்னைத் தேடச் சொன்னார். போனவரைக் குறை சொல்லக் கூடாது என்று இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த டாக்டர் பெண்ணும் அதே நாலு நாளைத்தான் சொன்னாள், எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. ஏன் என்று கட்டிலைச் சுற்றி நடந்து யோசித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நீ இருபத்துமூன்று பேரைப் பார்த்துச் சொன்னாய். சமையலறைக்கு வந்து என்னிடம் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டியிருக்கலாம்.

அவ்வளவுதான். நாளையோடு பத்து நாள் முடிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் என் கட்டிலிலேயே நான் குணமானதற்கு நீ காரணம், அதை மறைக்கமாட்டேன். நாளை மறுநாளிலிருந்து கூப்பிட வேண்டாம். இதுவரை எப்படிப் பேசாமல் இருந்தோமோ அப்படியே இருந்துகொள்வோம், இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நீயும் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: இதை மடித்து ஒட்டப் போகும் நேரத்தில் தையல்காரி சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு வந்தாள். உனக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறதாம், புதுக் கண்ணாடி வரும்வரை எழுத்து தெரியாதாம், சீட்டு எழுதும் பெண் சொன்னாளாம். அப்படியென்றால் இந்தப் பத்து நாளும் என் நம்பரை நீ விரலால் தடவித்தான் அழுத்தியிருக்கிறாய். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை வீணாக்க முடியாது, வேறு யாரையும் வைத்து வாசிக்கவும் விடமாட்டேன். ஆகவே நாளைக் காலை நீ கூப்பிடும்போது நானே வாசிக்கிறேன். அரை மணி நேரமாவது ஆகும், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காலுக்குப் போர்வையைப் போட்டுக்கொள். நடுவில் பேசாதே. பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.