தொடக்கநிலைப் பனி

அரசாங்கத்துக்கு மனு எழுதும்போது உவமை சேர்க்கக் கூடாது. இது எனக்கு அப்போது தெரியாது. ஒன்பதாவது வரைதான் படித்தேன். அதிலும் உவமை ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

எங்கள் ஊர் ஓசூர் பக்கம், அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருக்கிறது. மேலே யார் யாரோ ஆற்றில் கலப்பதெல்லாம் எங்களிடம் வந்து சேரும்போது நுரையாகப் பொங்கும். யாரையும் குறை சொல்லவில்லை. ஆண்டவன் எல்லாரையும் நல்லா வைக்கட்டும். இந்த வருடம் அந்த நுரை கரையேறி, பக்கத்து வீட்டு நாகம்மாவின் அரை ஏக்கர் கொத்தமல்லியை மூடிவிட்டது. பத்து நாளில் அறுப்பு. வீட்டுக்காரர் போன பிறகு நாகம்மாவுக்கு அந்த அரை ஏக்கர்தான் சோறு போடுகிறது. அதனால் மனுவை நானே எழுதினேன்: 'பனிமலை போல நுரை மூடியுள்ளது. அன்புகூர்ந்து அகற்றித் தர வேண்டுகிறோம்.'

நாகம்மாவும் நானும் போனபோது, மனு வாங்கும் இடத்தில் மூர்த்தி என்ற தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நுரைன்னு இதுல இல்லையேம்மா. குப்பை இருக்கு, தெருநாய் இருக்கு, சாக்கடை இருக்கு."

"சாக்கடைன்னு போட்டுக்குங்க சார்," என்றாள் நாகம்மா.

"வர்றது ஆத்துலதானே? ஆறு எப்படிம்மா சாக்கடை ஆவும்?"

"அதைத்தான் சார் நாங்களும் கேக்கறோம்."

மூர்த்தி மனுவை மறுபடி படித்தார். முகம் மலர்ந்தது. "பனிமலைன்னு நீங்களே எழுதிட்டீங்களே! பனி இருக்கு பாருங்க." அழுத்திவிட்டார். எங்கள் மனு விடுமுறை மேம்பாட்டு அலுவலகத்தின் மேலான கவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலாம் நாள் ஜீப் வந்தது. இறங்கியவர் அலுவலர் சென்னப்பன். தொடக்கநிலைப் பனிச்சறுக்கு பற்றி அறிந்துவர அரசுச் செலவில் வெளிநாடு போய் வந்தவர். வந்த நாளிலிருந்து மாவட்டம் முழுக்கப் பனியைத் தேடிக்கொண்டிருந்தாராம். வயலைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டார்.

"சார், இது நுரைங்க. கை வெச்சா அரிக்குது," என்றாள் நாகம்மா.

"பழக்கம் இல்லாதவங்களுக்குப் பனி அப்படித்தான்மா இருக்கும்."

"பனின்னா ஜில்லுனு இருக்குமே சார்?"

"அது தேர்ந்தவங்களுக்கு. இது தொடக்கநிலைப் பனி. குளிராது."

"அடியில கொத்தமல்லி இருக்குது சார்."

"இருக்கட்டும்மா. அதனால எங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. கொஞ்ச நாள் ஒத்துழைப்பு குடுங்க."

மாம்பழம் அடுக்கும் கிரேட் பெட்டியைப் பிளந்து காலில் கட்டிக்கொண்டு, முதல் சறுக்கலை சென்னப்பனே சறுக்கித் தொடங்கி வைத்தார். பிறகு ஜனங்கள் வந்தார்கள். ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மா இடுப்பு வரை நுரையில் நின்றுகொண்டு, "தும்ப சென்னாகிதே!" என்று, ரொம்ப நன்றாக இருக்கிறதாம், கன்னடத்தில் கொண்டாடினார். நாற்றம் தாங்காதவர்களுக்கு மூக்குமூடி கொடுத்தார்கள். குளிர்நாட்டில் எல்லாரும் முகத்தை மூடித்தான் சறுக்குவார்களாம்.

மே மாதம் நுரை வடிந்தது. கொத்தமல்லி கருகி மண்ணோடு போயிருந்தது. மண்மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவம். அதில் கிரேட்டுகள் இழுத்த கோடுகள். நாகம்மா அழவில்லை. "மழைக்கு முன்ன உழுதுட்டா ராகியாவது போடலாம்க்கா. மண்ணுக்கு என்ன பண்ணணும்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க," என்றாள்.

இந்த முறை நான் உஷார். உவமையே இல்லாமல் எழுதினேன்: 'நிலத்தில் எதுவும் முளைக்கவில்லை. வெள்ளைக் கோடுகள் மட்டும் உள்ளன.'

"எதுவும் முளைக்காத நிலம்னா..." மூர்த்தி பட்டியலில் தேடினார். "பாலைவனம். கோடுன்னா ஓவியம். ஒண்ணுக்கு ரெண்டாப் பொருந்துதும்மா, அதிர்ஷ்டந்தான்!"

சென்னப்பன் ட்ரோனோடு வந்தார். இடையில் இன்னொரு நாட்டுக்குப் போய் வந்திருந்தார். அங்கே பாலைவனத் தரையில் பழங்காலத்து மனிதர்கள் கோடு கோடாகப் பறவையும் குரங்கும் வரைந்து வைத்திருக்கிறார்களாம். மேலே பறந்தால்தான் உருவம் தெரியுமாம்.

"பாருங்கம்மா, கழுகு!" என்று திரையைக் காட்டினார்.

"கழுகு இல்ல சார், நீங்க சறுக்கி விழுந்த தடம்," என்றாள் நாகம்மா. "இது றெக்கை இல்ல, உங்க கை."

"நான் எப்பம்மா சறுக்கினேன்?"

"போன மாசம். பனியில."

சென்னப்பன் கோப்பைத் திறந்து பொறுமையாகப் படித்துக் காட்டினார். 'மேற்படி மாவட்டத்தில் பனி பெய்ய வாய்ப்பில்லை என்பதால், பனிச்சறுக்கு நடைபெறவில்லை எனக் கொண்டு கோப்பு முடிக்கப்பட்டது.'

"பனியே பெய்யல. அப்ப சறுக்கினவங்களும் இல்ல. இப்ப இருக்கற யாரும் போடாத கோடுன்னா, அது எவ்வளவு பழைய கோடா இருக்கணும், நீங்களே சொல்லுங்க!"

மறுநாள் கம்பிவேலி போட்டார்கள். நாகம்மா தன் நிலத்தில் கால் வைத்தால் தொன்மைக்குச் சேதம் விளைவித்த குற்றமாம்.

ஊரே கொதித்தது. பெண்கள் நாற்பது பேர் கோயிலில் கூடி, வெள்ளிக்கிழமை காலை வேலியைப் பிடுங்குவது, ஆளுக்கு ஒரு கை பிடித்து உழுது கொடுப்பது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். முதல் ஆளாக அடித்தது நான்தான்.

புதன்கிழமை என் மகன் கௌதம் சென்னையிலிருந்து பேசினான். பொங்கலுக்குக் கூப்பிட்டாலும் லீவு இல்லை என்கிற பிள்ளை. "அம்மா, நம்ம ஊர்ப் பாலைவனம்தான் போன்ல முழுக்க ஓடுது! ஸ்விட்சர்லாந்து டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டோம். உன் பேரப்பிள்ளைங்களோட பத்து நாள் தங்கறாப்புல வரோம்." என்னோடு கற்பூரம் அடித்த ரேவதி வீட்டுக்கு மகள் வருகிறாளாம். ஜோதியம்மாள் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் எல்லாரும். வியாழக்கிழமை ஊரில் எல்லா வீட்டிலும் முறுக்கு வாசனை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாகம்மா ஏர் ஓட்ட டிராக்டர் சொல்லிவிட்டு, வேலி ஓரத்தில் தனியாக நின்றிருந்தாள். சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு நான்தான் போனேன். மற்றவர்கள் என்னை அனுப்பினார்கள்.

"நாகம்மா, மழைக்கு இன்னும் நாள் இருக்கு. பிள்ளைங்க வந்து ஒருதரம் பாத்துட்டுப் போயிடட்டும். உழுதா கழுகு அழிஞ்சிடும். கொஞ்ச நாள் ஒத்துழைப்பு குடும்மா."

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, நீங்க எப்பக்கா அந்த ஆபீசுல சேந்தீங்க?"