அரை வீட்டின் முழுச் சொந்தக்காரர்

திரைச்சீலை ஒரு முழம் குறைந்தது. அமிர்தநாதர் ஏணியில் நின்றபடி மனைவியிடம் கையை நீட்டினார்.

"இன்னும் ஒரு துண்டு தாரும், யூஜினி."

"இருந்ததெல்லாம் தந்திட்டன். மிச்சத்துக்கு என்ரை கலியாணக் கூறைச்சீலையை எடுத்துத் தரட்டோ?"

மறைக்க வேண்டியது ஒரு சுவர். யூனியன்வில்லில் இருந்த அந்த வீட்டை நூற்றிருபது வருசங்களுக்கு முன் ஓர் இங்கிலாந்துத் துரை தன் ஊர் மாளிகை மாதிரியே கட்டினான். தூண் வைத்த வாசல், ஆறு புகைக்கூடு, ஆள் உயர ஜன்னல்கள். தொண்ணூற்றிரண்டில் அதை வாங்கிய ஒப்பந்தக்காரன் நட்டநடுவே சுவர் எழுப்பி இரண்டு வீடாக விற்றான். அவனிடம் அளவு நாடா இருந்தது, இரசனை இருக்கவில்லை. கூரையில் இருந்த சுண்ணாம்புப் பூவில் பாதி இங்கே, பாதி அங்கே. கணப்படுப்புக்கும் அதே கதிதான்.

தூண் வாசல் அமிர்தநாதருக்கு வந்தது. மண்டபத்து ஓக் மரப் படிக்கட்டு பக்கத்து வீட்டு மரியரட்ணத்துக்குப் போனது. மாடிக்கு ஏற அமிர்தநாதருக்கு மிஞ்சியது, சமையல் குசினிக்குப் பின்னால் அந்தக் காலத்து வேலைக்காரிகள் ஏறிய ஒடுங்கிய படிதான்.

அதோடு மனுசன் பேசாமல் இருந்திருக்கலாம். மொன்றியல் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் எடுத்து, "முழு வீடும் எங்கடை. அப்பிடியே மகள் றெஜினாவுக்குத்தான் சீதனம்" என்று அளந்துவிட்டார். றெஜினாவுக்கு முப்பத்தொன்று. இரண்டு சம்பந்தம் சீதனப் பேச்சிலேயே முறிந்திருந்தது. இதுவும் தவறினால் இனிமேல் யாருக்கும் முன்னால் தேத்தண்ணி கொண்டு வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை றொய்சன், அவன் தாய் மக்டலீன், தாய் மாமன் என்று மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மாமன், இறைச்சி அடைத்துப் பொரித்த பற்றிஸ் தட்டுக்கு அருகில் இடம் பிடித்தார். மக்டலீன் நேரே திரையைப் பார்த்தார்.

"உதுக்கு அங்காலை என்ன?"

"பெரிய படி. ஓக் மரம். பொலிஷ் அடிச்சுக் காயவிட்டிருக்கு."

அந்த நேரம் பார்த்து அப்பால் யாரோ தடதடவென்று படியிறங்கினார்கள்.

"காயாத படியிலை ஆர் ஓடுகினம்?"

"பொலிஷ் அடிக்கிற ஆக்கள்."

"ஞாயிற்றுக்கிழமை, கடன் திருநாளிலை வேலை வாங்கிறியளோ? நீங்கள் பூசைக்குப் போறேல்லையோ?"

வேதக்காரக் கத்தோலிக்கக் குடும்பத்தில் இதைவிடப் பெரிய பழி இல்லை.

"சீ, அப்பிடி இல்லை. அவை வாடகைக்கு இருக்கிற சனம். பாவம் பார்த்து ஒரு பக்கத்தைக் குடுத்திருக்கிறன்."

குசினிக்குள் யூஜினி இருமினாள்.

"நல்ல படியை வாடகைக்காரருக்குக் குடுத்திட்டு நீங்கள் எதாலை ஏறுறியள்?"

வாயால் கெட்டவர் இனிக் காட்டாமல் தப்ப முடியாது. பின்படிக்குக் கூட்டிப்போனார். மக்டலீன் நல்ல வாட்டசாட்டமான மனுசி. நாலாவது படியில் இரண்டு தோளும் இரண்டு சுவரிலும் முட்ட, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நின்றுவிட்டார்.

"இதென்ன, கோழிக்கூட்டுக்கு ஏறுற படியோ?"

"இது இரகசியப் படி. இங்கிலாந்திலை பிரபுக்கள் மட்டும்தான் உதாலை ஏறுவினம்."

மூத்திரச் சட்டியும் அழுக்குத் துணியும் சுமந்து அந்தப் படியில் ஏறி இறங்கிய பெண்களை அவர் ஒரே வசனத்தில் பிரபுக்கள் ஆக்கிவிட்டார். மேலே, சீலை உடுத்தி முடித்த றெஜினா இறங்க வழியில்லாமல் நின்றாள். வருங்கால மாமியாரின் உச்சந்தலையைத்தான் அவள் முதலில் கண்டாள்.

"அன்ரி, வலது தோளைக் கொஞ்சம் சரியுங்கோ," என்று மேலேயிருந்து மெல்லச் சொன்னாள். றொய்சன் கீழேயிருந்து இழுத்தான். மக்டலீன் கழன்று வந்தார். அவருடைய தலைக்கு மேலால் றெஜினாவும் றொய்சனும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதைக் கண்ட அமிர்தநாதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கலியாணம் முற்றாகிவிட்டது என்றே நினைத்தார்.

எல்லோரும் மண்டபத்தில் அமர, றெஜினா தேத்தண்ணி கொடுத்தாள். மக்டலீன் தோளைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உந்த வாடகைக்காரர் எப்ப வீட்டை விட்டு எழும்புவினம்?"

"நான் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். அடுத்த மாதமே எழும்புவினம்."

அதுவரை வாய் திறவாத மாமன் ஐந்தாவது பற்றிஸை விழுங்கிக் கையைத் துடைத்தார்.

"போன ஞாயிறு நாங்கள் மற்றக் கதவாலை வந்து மரியரட்ணத்தின்ரை மகளைப் பார்க்கேக்கை, வெளியிலை புல்லு வெட்டிக்கொண்டு நிண்ட உங்களை ஜன்னலாலை காட்டி, அவரும் இதைத்தான் சொன்னவர்."