பத்து நிமிஷக்காரர் கடிகாரத்தைக் கழற்றுகிறார்

கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜின் தலையில் வைத்து, லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, பத்து நிமிஷ வேலை" என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த இனம் என்று நீங்கள் உடனே தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பத்து நிமிஷக்காரர். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் தெருவில் ஓடாமல் கிடக்கும் மிக்ஸி, மூடாத கதவு, அடித்தால் நிற்காத காலிங் பெல் எல்லாம் ஒரு காலத்தில் சுமாராக வேலை செய்தவைதான். அவர் சரி செய்த பிறகுதான் இந்த நிலைக்கு வந்தன. எல்லாம் சரி, பத்தே நிமிஷத்தில் முடிப்பேன் என்கிறவர் முதல் காரியமாகக் கடிகாரத்தை ஏன் கழற்றுகிறார்?

கயல்விழிக்கு அந்தச் சந்தேகம் எட்டாம் வகுப்பிலிருந்து இருக்கிறது. அந்த வருஷம்தான் அவள் அக்கா குணசுந்தரியைக் கடலூர் முதுநகரில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, தாழங்குடாவில் தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, முதல் மாடியில் இருக்கும் அக்கா வீட்டின் மொட்டைமாடி அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் கண்டது ஒன்றுதான். மாமா சக்கரபாணியின் கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் ஏறினால், வீட்டில் ஏதோ ஒன்று படுத்துவிடும்.

தீபாவளிக்கு இன்வெர்ட்டர் படுத்தது. பொங்கலுக்குக் கிரைண்டர். இரண்டுக்கும் நடுவில் கயல்விழியின் சான்றிதழ்கள் மாட்டின. "மழையில நனஞ்சா இன்னா பாப்பா பண்ணுவ?" என்று மாமா, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரிஜினல் அத்தனையையும் லேமினேட் செய்து கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும், "இதுல சீலு எங்கம்மா வைக்கறது, உன் நெத்தியிலயா?" என்கிறார்கள். மாமா ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஏதாவது உருகினால்தான் தப்பு. லேமினேஷன் உருகாது என்பதால் அவர் தன் மேல் தப்பில்லை என்றே நினைத்தார். கயல்விழி அவருக்கு ஆறு மாதம் தோசை வார்க்கவில்லை.

சான்றிதழுக்குப் பிறகு அவர் கடலில் இறங்கினார். கூப்பிடு தூரத்தில் வங்கக் கடல் இருக்க, கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, கூரியரில் உப்புப் பாக்கெட் வரவழைத்து, குடிதண்ணீரில் கலக்கி, பவளப்பாறைத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு ஆரஞ்சு நிற மீன்களை விட்டார்.

கீழ்வீட்டில் கருவாடு விற்கும் தைலம்மாள் வந்து பார்த்தாள். "இன்னா சக்கரபாணி, கடல்தண்ணிய நீயே செய்யறியா? அங்க இருக்கறதுக்கு இன்னா கேடு?"

"அது அழுக்கு, தைலம்மா."

"மீனு அதுலதானே குடித்தனம் பண்ணுது?"

பத்து நிமிஷக்காரர்களுக்குக் காது உண்டு. ஆனால் அது வீடியோ கேட்க மட்டும். ஒரு வீடியோதான் அவருக்கு ரெஃப்யூஜியத்தை அறிமுகம் செய்தது. அதாவது, மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு சின்னத் தொட்டி. அதில் மீன் கிடையாது, பாசிதான். மேல் தொட்டியில் விளிம்பை எட்டும் தண்ணீர் மட்டும் ஒரு குழாய் வழியாக இறங்கி வரும். மீன்களின் அழுக்கைப் பாசி தின்றுவிடும். சுத்தமான தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் ஓஸ் வழியாக மறுபடி மேலே ஏற்றும். மீனுக்கு இரையாகும் பொடிப் பூச்சிகள் அந்தப் பாசிக்குள் யாருக்கும் பயப்படாமல் பிள்ளை குட்டி பெற்று வாழும். அடைக்கலத் தொட்டி. அந்த வீட்டில் மாமாவின் கையிலிருந்து தப்பிக்க அப்படி ஓர் இடம் மனிதர்களுக்கும் இருந்திருக்கலாம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கயல்விழிக்கு நேர்முகத் தேர்வு. ஆய்வக உதவியாளர் வேலை, ஒரிஜினலோடு வர வேண்டும். இது நான்காவது இடம். முதல் மூன்றிலும் லேமினேஷனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இதுவும் போனால் ஊருக்கு வந்துவிடு, வரன் பார்க்கிறோம் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் அன்று அவள் மாடி அறையில் கேள்வி பதில் படித்துக்கொண்டிருந்தாள். கீழே ஐந்து முறை இறங்கி வந்தாள். ஐந்து முறையும் எச்சரித்தாள்.

"மாமா, ஓஸோட வாயி மேல் தொட்டியில அடி வரைக்கும் முங்கியிருக்கு. மோட்டார் நின்னா தண்ணி அதே வழியா திரும்பி வரும். அப்பா போட்டுக்கு டீசல் உறிஞ்சி இறக்குவாரே, அதேதான்."

"வாய வெளிய வச்சா சொளசொளன்னு சத்தம் வருது பாப்பா. மோட்டாரு ஏன் நிக்கப் போவுது?"

"நாளைக்கு ஒம்போது மணிக்கு கரண்ட் கட்டுங்க" என்றாள் குணசுந்தரி. மாதாந்திர மின்தடை அது. தெருவே இட்லி மாவை முன்னாலேயே அரைத்து வைத்துவிட்டது.

"மீனுக்கு இன்னாடி, மிக்ஸியா ஓட்டப்போறோம்? இன்வெர்ட்டர் இருக்குல்ல."

"அதத்தான் நீங்க தீபாவளிக்குக் கழட்டிப் போட்டீங்களே."

"அதா? அது பத்து நிமிஷ வேலை."

தண்ணீரை அளவாக இறக்க ஒரு குழாய் தேவைப்பட்டது. சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டார். அந்த ஓட்டையில் தென்னமட்டைத் துண்டைத் துணி சுற்றி அடித்து, "காலையில மாட்டிடறன்" என்றார். கடைசியில் எல்லாம் ஓடியது. தண்ணீர் இறங்கியது, ஏறியது. பாசி ஆடியது. மாமா கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். மோட்டாரை ஒரு முறை நிறுத்திப் பார்த்தாரா? பார்த்தால் அவர் ஏன் அந்த இனத்தில் இருக்கப் போகிறார்?

காலை எட்டே முக்காலுக்குக் கயல்விழி கேட்டாள், "மாமா, என் ஃபைல் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

மாமா அடைக்கலத் தொட்டியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சின்னத் தொட்டி ஒரு பக்கம் ஆடியிருக்கிறது. முட்டுக்கொடுக்கச் சரியான தடிமனில் ஒரு பொருள் வேண்டும். பள்ளி, கல்லூரி, சாதி, வருமானம், முதல் பட்டதாரி, எல்லாம் லேமினேட் செய்து அடுக்கிய ஃபைலைவிடச் சரியான தடிமன் எங்கே கிடைக்கும்? பதினைந்து வருஷப் படிப்பின் மேல் நாற்பது லிட்டர் உப்புத் தண்ணீர் உட்கார்ந்திருந்தது.

"மொண்டு ஊத்திட்டுத் தூக்கிடலாம், பத்து நி…"

"சொல்லாதீங்க மாமா!"

மாமா மொண்டார். பாதி மொண்டிருப்பார், மணி ஒன்பது. கடலூர் முதுநகரில் மின்விசிறிகள் நின்றன. மோட்டாரும் நின்றது. அப்புறம் நடந்ததை மாமா புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் மொள்ள மொள்ளத் தொட்டி நிறைந்தது. வேகமாக மொண்டார். அது இன்னும் வேகமாக நிறைந்தது. விளிம்பு தாண்டி, கூடம் தாண்டி, தண்ணீர் வாசல்படி தேடிப் போனது. மேல் தொட்டியில் இரண்டு ஆரஞ்சு மீன்களும் இறங்கும் மட்டத்தோடு இறங்கி வந்து, நாலு விரல் தண்ணீரில் நின்று, யார் இதற்குப் பொறுப்பு என்பதுபோல் வெளியே பார்த்தன.

கயல்விழி ஸ்டூல் மேல் ஏறினாள். ஓஸை மேல் தொட்டியிலிருந்து வெளியே இழுத்தாள். தண்ணீர் நின்றது. ஒரு நொடி வேலை.

அப்போது கீழேயிருந்து தைலம்மாளின் குரல் வந்தது. "அடேய் சக்கரபாணி! எங் கருவாட்டுக்கு நானே உப்பு போட்டுட்டன்டா! நீ வேற மேல இருந்து ஏன்டா போடற?"

மூவருமாகத் தொட்டியைத் தூக்கினார்கள். ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டிக் கடல். பயோடேட்டா கூழாகிவிட்டது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உதறினாள். தண்ணீர் வழுக்கி ஓடியது. ஓர் எழுத்து கலையவில்லை.

மாமா ரொம்ப நேரம் புன்னகை செய்தார்.

சிதம்பரத்தில் தாளாளர் அம்மாள் சான்றிதழை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரிஜினல லேமினேட் பண்ணக் கூடாதுன்னு தெரியாதாம்மா? இதுல ஏன் பாசி ஒட்டியிருக்கு?"

கயல்விழி படித்துவைத்த பதில்களில் இது இல்லை. அதனால் நடந்ததையே சொன்னாள். ஓஸ் வாயை ஏன் தண்ணீருக்குள் விடக் கூடாது என்று மேசை மேல் இருந்த டம்ளரையும் பென்சிலையும் வைத்துக் காட்டினாள். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்துவிட்டு, திங்கட்கிழமையே வரச் சொன்னார்.

இரண்டாவது வாரம். ஆய்வகத்தில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. பிளம்பரைக் கூப்பிடலாமா என்று ஆசிரியர் கேட்டார். "எதுக்கு சார், பத்து நிமிஷ வேலைதான்" என்று சொல்லிவிட்டுத்தான் கயல்விழி திடுக்கிட்டாள். இடது கையைப் பார்த்தாள். கடிகாரம் மைக்ராஸ்கோப் பக்கத்தில் இருந்தது. அதை எப்போது கழற்றினோம் என்று அவளுக்கு நினைவே இல்லை. இது ரத்தத்தில் வருவதா, சம்பந்தத்தில் வருவதா?

நீங்கள் சிரிக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு வருகிறேன் என்று சற்று முன் வீட்டில் யாரிடமோ ஒரு கணக்குச் சொல்லிவிட்டுத்தானே உட்கார்ந்தீர்கள்? எத்தனை நிமிஷம் என்றீர்கள்? உங்கள் கடிகாரம் எங்கே இருக்கிறது?

கயல்விழி மாமாவுக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் போகிறாள். அக்காவின் சமையலறைக் குழாய் திரும்பி வந்த அன்றைக்குச் சொல்வதாக இருக்கிறாள். தென்னமட்டைக்குத் துணி மட்டும் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.